வெளிநாடு போய் வந்தபின் ‘அதை விட்டுட்டோமே’ என்று உறுத்தினால் என்ன செய்வது?

பெட்டியைப் பிரித்து, துணியைத் துவைக்கப் போட்டு, வாங்கி வந்த சாக்லேட்டை ஒறம்பரைக்கெல்லாம் பங்கு வைத்து முடிக்கும் வரை ஒன்றும் தெரியாது. அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். “அத்தனை தூரம் போயிட்டு அதைப் பாக்காமயா வந்தீங்க?” என்று யாராவது ஒருத்தர் கேட்பார், அன்றைக்கு ராத்திரி படுத்தால் பார்த்த இடமெல்லாம் மறந்து போய், பார்க்காத அந்த ஒன்று மட்டும் கண்முன் நிற்கும். லட்சக்கணக்கில் செலவு செய்து, வருஷக்கணக்கில் சேர்த்து வைத்த லீவைப் போட்டுப் போய்வந்த பயணம் கடைசியில் ஒரு குறையாக மனதில் தங்கிவிடுவது எனக்குப் பொறுக்காத விஷயம், அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களில் பெரும்பாலும் மூன்று வகைதான் பார்க்கிறேன்: டூர் கம்பெனியோடு போகிறவர்கள், வியாபாரக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், மகள் பிரசவத்துக்கோ பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவோ போகிற அம்மாயி, அப்புச்சிகள். மூன்று பேருக்கும் வருத்தம் வேறு வேறு. ஆனால் தீர்க்கிற வழி ஒன்றுதான். விட்டுப்போன இடத்தின் பெயரோடு நின்றுவிடாமல், அது ஏன் விட்டுப்போனது என்று பிடிக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காரணம் அடுத்த பயணத்துக்கும் நம் கூடவே வந்து இன்னொரு இடத்தையும் கெடுக்கும்.

முதல் வாரம் எந்த முடிவுக்கும் வராதீர்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரம் வித்தியாசம், மேற்குக் கரைக்குப் பன்னிரண்டரை. உடம்பு ஒரு மணி நேர வித்தியாசத்தைச் சரிக்கட்ட ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. ஆக, ஒரு வாரம் பத்து நாளைக்கு விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பீர்கள். அந்த நேரத்தில் தோன்றுகிற வருத்தம் எல்லாமே இரண்டு மடங்காகத் தெரியும். ‘பணத்தை வீணாக்கிட்டோம்’ என்கிற பேச்சு வீட்டில் எழுவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். சிங்கப்பூர், மலேசியா போய் வந்தவர்களுக்கு இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம் என்றாலும் அலைச்சல் அலைச்சல்தான்.

அந்த வாரத்தில் செய்யவேண்டியது ஒரே வேலை, நினைவில் இருப்பதைச் சேகரிப்பது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். போனில் இருக்கும் போட்டோவைத் தேதி வாரியாகப் பாருங்கள், பில், டிக்கெட், போர்டிங் பாஸ் எதையும் தூக்கி எறியாதீர்கள், கூகுள் மேப்ஸில் டைம்லைன் போட்டு வைத்திருந்தால் எங்கே எத்தனை மணி நேரம் இருந்தீர்கள் என்பதும் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று காலை, மத்தியானம், சாயங்காலம் எழுதுங்கள். கூட வந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளை. நீங்கள் வீணாய்ப் போனதாக நினைத்த ஒரு மத்தியானம் அவர்களுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த பொழுதாக இருக்கலாம். அப்படி ஒரு பதில் கிடைத்தாலே பாதி வருத்தம் குறைந்துவிடும்.

அதே பக்கத்தின் ஓரத்தில் அன்றைக்கு விட்டுப்போனதை எழுதுங்கள். இடமாக மட்டும் இருக்கவேண்டியதில்லை. சாப்பிடாமல் விட்டது, கேட்காமல் விட்டது, நன்றி சொல்லாமல் வந்தது எல்லாம் சேர்த்துத்தான்.

இது யாருடைய வருத்தம்?

எழுதியதைப் பத்து நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: கிளம்புவதற்கு முன்னாலேயே இதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்ததா? திரும்பி வந்தபின் மச்சினர் சொல்லியோ, யாரோ ஸ்டேட்டஸில் போட்டதைப் பார்த்தோதான் அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியவந்தது என்றால் அது அவர்களுடைய பட்டியல். தயங்காமல் அடித்துவிடலாம். நான் பார்த்தவரை பட்டியலில் பாதி இப்படித்தான் போய்விடுகிறது.

மிச்சம் இருப்பதில் செய்ததற்கான வருத்தம் எது, செய்யாமல் விட்டதற்கான வருத்தம் எது என்று பிரியுங்கள். தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். உடனடியாக நம்மை வாட்டுவது பெரும்பாலும் செய்துவிட்ட காரியம், காலம் போகப் போக வாட்டுவது செய்யாமல் விட்டது என்பது அவர்கள் கண்டது. வெளிநாட்டுப் பயணத்துக்கு இது அப்படியே பொருந்தும். விமான நிலையக் கடையில் அதிக விலைக்கு வாங்கிய வாட்ச்சைப் பற்றிய எரிச்சல் ஆறு மாதத்தில் போய்விடும், அதற்காக இப்போது சண்டை வேண்டாம். ‘கடலில் கால் நனைக்கலாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னு சொல்லிட்டேன்’ என்பது பத்து வருஷம் கழித்தும் இருக்கும். நம் கவனம் முழுக்க இந்த இரண்டாவது வகைக்குப் போகட்டும்.

காரணத்தை எழுதும்போது வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள், ஆள் பெயர் எழுதக் கூடாது. ‘உங்கம்மாவால’ என்று எழுதினால் அதோடு பேச்சு முடிந்து சண்டை ஆரம்பிக்கும். ‘முட்டி வலி, படி அதிகம்’ என்று எழுதினால் அடுத்த முறை என்ன செய்யலாம் என்று யோசிக்க வழி இருக்கும்.

மூடியிருந்தது, டிக்கெட் இல்லை

சரிசெய்ய ரொம்பச் சுலபமான காரணம் இது, ஆனாலும் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அதே ஊரில் ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் திறக்கவே திறக்காது. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் மேலே ஏற நினைத்துத் திங்கட்கிழமை போனால் கீழே நின்று படம் எடுத்துவிட்டு வரவேண்டியதுதான். பாங்காக்கில் சதுசாக் பெரிய சந்தை சனி, ஞாயிறுதான். ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கெய்க்கன்ஹோஃப் டியூலிப் தோட்டம் மார்ச் நடுவிலிருந்து மே நடு வரைதான், பிள்ளைகளின் மே கடைசி லீவுக்குப் போனால் பூவைப் பார்க்கவே முடியாது. நயாகராவில் அருவிக்குக் கிட்டப் போகிற அந்தப் படகு குளிர்காலத்தில் ஓடாது, டிசம்பர் பிரசவத்துக்குப் போய் மார்ச்சில் திரும்பிய அம்மாயி அதில் ஏறவில்லை என்றால் அதில் யார் மேலும் தப்பில்லை.

இப்படி விட்டுப்போனதற்கு நேராக மூடும் கிழமை, திறக்கும் மாதம் இரண்டையும் நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த பயணத்தில் விமான டிக்கெட் போடுவதற்கு முன்னால் இந்தப் பக்கத்தைத்தான் திறக்க வேண்டும். நாம் வழக்கமாக டிக்கெட் விலை குறைவாக இருக்கும் தேதியைப் பார்த்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் எதைப் பார்க்கலாம் என்று தேடுகிறோம்.

கூட்டத்தோடு போனதால் விட்டது

இதுதான் நம் பக்கத்துப் பயணங்களின் பெரிய காரணம், கொஞ்சம் நின்று பேச வேண்டியதும் இதுதான். நாம் எங்கே போனாலும் கூட்டமாகப் போகிறவர்கள். பழனிக்கு நடந்தாலும் சரி, பாரிஸுக்குப் பறந்தாலும் சரி, பங்காளி வீடு, சம்பந்தி வீடு எல்லாம் சேர்ந்து ஒரு வேன் நிறைய ஆள் இருந்தால்தான் நமக்குப் பயணம் போன மாதிரி இருக்கும். அதில் பெரிய பலம் இருக்கிறது, உடம்புக்கு முடியாமல் போனால் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, பேச்சுத் துணை இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ‘நான் மட்டும் சித்தெ நேரம் அங்க போயிட்டு வர்றேனுங்க’ என்று சொல்ல வாய் வராது. சொன்னால் தப்பாக நினைப்பார்களோ, நம்மால் எல்லாருக்கும் தாமதமாகுமோ என்று விழுங்கிவிடுகிறோம். அந்த விழுங்கிய வார்த்தைதான் ஊருக்கு வந்தபின் வருத்தமாகிறது.

உங்கள் நோட்டில் காரணம் என்ற இடத்தில் ‘மத்தவங்க கிளம்பிட்டாங்க’, ‘பஸ்ஸுக்கு நேரமாச்சு’, ‘கேட்க ஒரு மாதிரி இருந்தது’ என்று திரும்பத் திரும்ப வந்தால், அடுத்த பயணத்துக்குப் புது ஊர் தேடுவதை விட இதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

டூர் கம்பெனியிடம் பணம் கட்டுவதற்கு முன்னால் அட்டவணையில் இருக்கும் ஒவ்வொரு இடத்தையும் காட்டி, உள்ளே கூட்டிப் போவீர்களா, வெளியே நிறுத்திப் படம் எடுக்க விடுவீர்களா என்று கேளுங்கள். நிறைய அட்டவணைகளில் இடத்தின் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் பஸ் ஜன்னல் வழியாகக் காட்டுவதோடு சரி. எந்த நாளில் சொந்தமாகச் சுற்ற நேரம் விடுவார்கள் என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். போய் இறங்கிய முதல் நாளே டூர் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம், எனக்கு இந்த ஊரில் இந்த இடம் முக்கியம், அரை நாள் தனியாகப் போய்விட்டு இத்தனை மணிக்கு ஹோட்டலுக்கு வந்துவிடுவேன் என்று. முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கடைசி நிமிடத்தில் பஸ் பக்கத்தில் நின்று கேட்டால்தான் பிரச்சினை.

இன்னொன்று, இந்தியச் சாப்பாடு. ஐரோப்பா டூரில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இந்திய ஓட்டலுக்குக் கூட்டிப் போய், ஏழரை எட்டு மணிக்கு ரூமில் விட்டுவிடுவார்கள், நாமும் கதவைச் சாத்திவிடுவோம். ஆனால் ஜூன் மாதம் பாரிஸில் ஒன்பதே முக்கால் மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த இரண்டு மணி நேரம் முழுக்க உங்களுடையது. ஆற்றங்கரையில் நடந்தால் போதும், எந்த டிக்கெட்டும் வேண்டாம். திரும்பி வந்து ‘ஊரையே பாக்கலை, பஸ்ஸைத்தான் பாத்தேன்’ என்று சொல்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தச் சாயங்கால நடையைத்தான்.

குடும்பமாகப் போனால் ஆளுக்கு ஒரு இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பையனுக்கும் ஒன்று, எழுபது வயது அப்பாருக்கும் ஒன்று. அந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர் எதற்காக என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை, மற்றவர்கள் எதிர்த்துப் பேசவும் கூடாது. பையன் சிங்கப்பூரில் மெட்ரோ ரயிலில் கடைசி ஸ்டேஷன் வரை போய்வர வேண்டும் என்பான். போங்கள். முக்கியமாக, வீட்டுப் பெண்களிடம் கேட்டுவிட்டு ‘எனக்கு எதுனாலும் சரி’ என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், திரும்பக் கேளுங்கள். எல்லாருடைய சௌகரியத்தையும் பார்த்துக்கொண்டு போய்வந்தவருக்குத்தான் வந்தபின் அதிகம் விட்டுப்போயிருக்கும், அவர் அதை வாய் திறந்து சொல்லவும் மாட்டார்.

வேலையாகப் போனவர்களுக்கு

கரூர், சென்னிமலை, ஈரோட்டு ஜவுளிக்காரர்கள் ஜனவரியில் பிராங்க்பர்ட் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போகிறார்கள். இயந்திரம் பார்க்கிறவர்கள் நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐடிஎம்ஏ ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்குப் போகிறார்கள், 2023இல் மிலானில் நடந்தது. சாமான் பார்க்க சீனாவில் குவாங்சோ ஊரின் கேன்டன் கண்காட்சிக்கு வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் போகிறார்கள். வருஷா வருஷம் போயும் கண்காட்சிக் கூடம், ஹோட்டல், விமான நிலையம் தவிர ஒன்றும் பார்க்காதவர்கள் இவர்களில் நிறையப் பேர். பொழப்புக்குத்தானே போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும், ஓய்வெடுக்கிற வயதில் இது பெரிய குறையாக நிற்கும்.

இவர்களுக்கு என் யோசனை கண்காட்சி முடிந்த மறுநாள் ஒரு பகல். முன்னால் வைத்தால் ஸ்டால் வேலை விழுங்கிவிடும். கண்காட்சி முடிந்ததும் அந்த ஊர் ஹோட்டல் வாடகை இறங்கிவிடும் என்பதால் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது நினைத்த அளவுக்குச் செலவு வைக்காது. பிராங்க்பர்ட்டில் மைன் ஆற்றின் கரையில் வரிசையாக அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, பழைய ஊர்ச் சதுக்கமான ரோமர்பெர்க்கும் நடக்கிற தூரம்தான். திங்கட்கிழமையில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள், அருங்காட்சியகங்கள் பல அன்றைக்கு மூடியிருக்கும். ஜனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்ப வேண்டும். மிலானில் லியோனார்டோ டாவின்சி வரைந்த ‘கடைசி இராப்போஜனம்’ சுவரோவியத்தைப் பார்க்கப் பதினைந்து நிமிடம்தான் தருவார்கள், ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் முன்னாலேயே டிக்கெட் எடுக்க வேண்டும். ஸ்டால் புக் செய்கிற அன்றைக்கே இதையும் காலண்டரில் குறித்தால் நடக்கும்.

சீனா போகிறவர்கள் அங்குள்ள வைஃபையில் கூகுளும் வாட்ஸாப்பும் திறக்காது என்பதை மனதில் வைத்து, மேப்பையும் மொழிபெயர்க்கும் செயலியையும் இங்கிருந்தே தயார் செய்துகொண்டு போக வேண்டும், அங்கே காசு கொடுக்கப் பயன்படும் அலிபே செயலியில் நம் கார்டை இணைத்துப் பார்த்துவிட வேண்டும். வழி கேட்கவும் காசு கொடுக்கவும் முடியாமல்தான் பலர் ரூமை விட்டு வெளியே வராமல் திரும்புகிறார்கள்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போய் வந்த பெரியவர்கள்

ஆறு மாதம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்த அம்மாயியிடம் கேட்டுப் பாருங்கள். நயாகரா பார்த்திருப்பார், கோயில் பார்த்திருப்பார், ஆனால் ‘அந்த ஊட்டுக்கு எதுக்கால இருந்த கடைக்கு ஒரு நாளும் தனியா போகலை கண்ணு’ என்பார். அதுதான் உண்மையான குறை. பெரிய பெரிய சுற்றுலாத் தலம் காட்டியதில் பிள்ளைகள் திருப்தியாகிவிடுகிறார்கள், பெரியவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஊரில் தன் காலால் நடந்து ஒரு காரியம் செய்வது.

பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. அடுத்த முறை வாரம் ஒரு நாள், வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு இடம் பழக்கி விடச் சொல்லுங்கள். பெரும்பாலான ஊர்களில் பொது நூலகத்துக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், காசு கிடையாது, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் என்று வைத்திருப்பார்கள், பேரனோடு போய் உட்கார்ந்தால் நாலு பேர் முகப்பழக்கம் ஆகும். வீட்டு முகவரியும் மகள் நம்பரும் எழுதிய ஒரு சீட்டைப் பையில் வைத்துக்கொண்டால் தைரியம் தானாக வரும்.

முட்டி வலிக்காரர்கள் மலேசியாவில் பத்துமலையில் 272 படியை அண்ணாந்து பார்த்துவிட்டு, கீழே நிற்கும் 140 அடி முருகனைக் கும்பிட்டுத் திரும்பியிருப்பார்கள். பழனியில் விஞ்ச் இருக்கிறதே என்ற நினைப்போடு போனவர்கள். இன்னொரு முறை வாய்த்தால் விடிகாலையில் வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முன்னால் போய் நின்று நின்று ஏறலாம், ஏறவே முடியாது என்றால் அடிவாரத்திலேயே இருக்கும் ராமாயணக் குகையைப் பார்க்கலாம், பலர் அப்படி ஒன்று இருப்பது தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள்.

இலங்கை போய் வந்தவர்களில் சிலருக்கு வேறு ஒரு வருத்தம். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டியும் நுவரெலியாவும் சுற்றிவிட்டு, தாத்தா கொழுந்து பறித்த தோட்டம் எது என்று தெரியாமலே வந்துவிடுகிறார்கள். அதற்கு அங்கே போய்த் தேடி பிரயோஜனமில்லை, இங்கே வீட்டில்தான் தேட வேண்டும். வயதானவர்கள் இருக்கும்போதே தோட்டத்தின் பெயர், டிவிஷன், பக்கத்துக் கோயில், பழைய பாஸ்போர்ட், கடிதம் எல்லாம் கேட்டு, அவர்கள் பேசுவதைப் போனில் பதிந்து வையுங்கள். பெயர் கிடைத்துவிட்டால் தோட்டம் கிடைத்துவிடும். அவர் இல்லாமல் போனபின் எத்தனை முறை போனாலும் அது கிடைக்காது, அதனால் உங்கள் நோட்டில் இப்படி ஒன்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.

பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தால்

இடத்துக்குப் போயிருப்போம், நூறு போட்டோ இருக்கும், யாராவது எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் வராது. லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது போட்டோ எடுத்த பொருட்கள் குறைவாகவே நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. அதாவது கூர்ந்து பார்த்துவிட்டு எடுத்தால் தப்பில்லை.

வந்தபின் இதற்கும் ஓரளவு வழி இருக்கிறது. ஒரு போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு அதில் தெரியாததை எழுதுங்கள். அப்போது என்ன சத்தம், என்ன வாசம், யார் பக்கத்தில் நின்றார்கள், எதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், கால் வலித்ததா. இரண்டு மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருத்தர் சொல்ல இன்னொருத்தருக்கு ஞாபகம் வரும். நூறு போட்டோவுக்கும் வேண்டாம், பத்துக்குப் போதும்.

இங்கிருந்தே செய்யக்கூடியவை

நன்றி சொல்லாமல் வந்ததுதான் எனக்குத் தெரிந்து ரொம்ப உறுத்துகிற, ஆனால் உடனே தீர்க்கக்கூடிய வருத்தம். தவறவிட்ட பையைத் தேடிக் கொடுத்த ஹோட்டல் பையன், வழி தெரியாமல் நின்றபோது ஸ்டேஷன் வரை கூட வந்த அம்மா, சைவச் சாப்பாட்டுக்காகச் சமையல்காரரிடம் தனியாகப் போய்ச் சொன்ன பரிமாறுகிறவர். ஹோட்டலுக்கும் கடைக்கும் இமெயில் முகவரி இருக்கும். தேதியும் நடந்ததும் எழுதி, இவருக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள் என்று நாலு வரி அனுப்புங்கள். மொழி சுமாராக இருந்தால் போதும்.

பார்க்காமல் விட்ட அருங்காட்சியகம் என்றால், லூவ்ர் தன் சேகரிப்பை 2021 முதல் இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது, ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் ஓவியங்களைப் பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். நேரில் பார்ப்பதற்கு இது ஈடாகாதுதான். ஆனால் அடுத்த முறை போகும்போது எந்த அறைக்கு முதலில் போவது என்று தெரிந்து போவீர்கள்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த இடத்தில் உங்களுக்கு உண்மையில் என்ன பிடித்தது என்று பார்த்து, அதன் உறவு நம் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுவது. ரோமில் பழைய காசும் மணியும் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போக நேரமில்லாமல் வந்தவர், சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலுக்குப் போய்வரட்டும். மணிக்கல் பட்டை தீட்டிய, இரும்பு உருக்கிய ஊர் அது, ரோமாபுரி வரை போன வியாபாரத்தின் ஒரு முனை. ரோமானியக் காசுகள் வெள்ளலூரிலும் கரூரிலும் கிடைத்திருக்கின்றன, கரூர் அரசு அருங்காட்சியகத்திலேயே பார்க்கலாம். இதைப் பார்த்துவிட்டு ரோமுக்குப் போகிறவருக்கு அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஒவ்வொரு நீலக்கல்லும் ஒரு கேள்வி கேட்கும். ஜெர்மனியில் கார் அருங்காட்சியகத்தை விட்டவருக்குக் கோவை அவினாசி ரோட்டில் ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை விட்டவர், 1848இல் தொடங்கிய ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டம் இல்லாத ஒரு வார நாளில் போய், அவசரமில்லாமல் மரத்தின் பெயர்ப்பலகைகளைப் படித்துவிட்டு வரலாம்.

கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்பதையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ‘அதைப் பாக்கலீங்களா?’ என்றால் ‘இல்லீங்க, நேரம் பத்தலை’ என்று ஒரே வார்த்தையில் முடித்து, பார்த்ததில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை ஐந்து நிமிடம் விவரமாகச் சொல்லுங்கள். கேட்கிறவருக்கும் அதுதான் சுவாரசியம், சொல்லச் சொல்ல உங்களுக்கும் அந்த நாள் திரும்பக் கிடைக்கும்.

திரும்பப் போவதா?

எல்லாம் செய்தபின்னும் ஒன்றோ இரண்டோ மட்டும் அடங்காமல் நிற்கும். அது உண்மையான ஆசை, அதற்குத் திட்டம் போடலாம். சிங்கப்பூர் என்றால் கோவையிலிருந்தே நேர் விமானம் இருக்கிறது, மூன்று நாள் போதும், முதல் முறை பார்த்த எதையும் திரும்பப் பார்க்காமல் விட்டதை மட்டும் வைத்துக்கொண்டு போகலாம். முதல் முறை முஸ்தபாவில் சாமான் வாங்கியே ஒரு பகல் போயிருந்தால், அந்தக் கடை நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும், சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு மேல் போய்க்கொள்ளுங்கள். பகலை வெளியில் செலவிடலாம். கார்டன்ஸ் பை தி பே பூங்காவில் மரம் மாதிரி உயர்ந்து நிற்கும் கோபுரங்களின் ஒளிக்காட்சி 7.45க்கும் 8.45க்கும் நடக்கும், கட்டணமில்லை, முதல் காட்சியை விட்டவர் அடுத்ததற்கு அங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும். புளியோதரை, பருப்புப்பொடி கட்டிக்கொண்டு போவது நல்லதுதான், ஆனால் ஒரு வேளையாவது ஹாக்கர் சென்டரில், அதாவது சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்திருக்கும் கூடத்தில் சாப்பிடுங்கள், சைவக் கடை இருக்கும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட கடை என்றால் இறைச்சி சேராத சாப்பாடு என்று நம்பிப் போகலாம்.

ஐரோப்பா மாதிரி தூரம் என்றால் செலவைப் பற்றிய வருத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ்யோக் பனிமலைக்குப் போகிற ரயிலுக்கு இன்டர்லாக்கனிலிருந்து முழுக் கட்டணம் ஆளுக்கு 200 பிராங்குக்கு மேல், நாலு பேர் குடும்பம் கணக்குப் போட்டுவிட்டுக் கீழேயே நின்றிருக்கும். அடுத்த முறை அப்படி ஒரு பெரிய செலவுக்கு மட்டும் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள், சாப்பாட்டுக் காசோடு கலக்காமல். 3,454 மீட்டர் உயரம், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, அதனால் காலையில் மலை உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுப்பது நல்லது.

போகிற ஊரில் தங்கும் கடைசி நாளுக்கு முந்தின நாள் மத்தியானத்தில் எதையும் போடாமல் காலியாக வையுங்கள். அதுவரை எது விட்டுப்போனதோ அதற்கு அந்த அரை நாள். அங்கே இருக்கும்போதே தினமும் ராத்திரி கூட வந்தவர்களிடம் ‘இன்னிக்கு எதை விட்டோம்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தால், அந்த மத்தியானத்துக்கு என்ன செய்வது என்ற குழப்பமே இருக்காது. முன்பதிவு தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் இது உதவாது. ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் வீட்டுக்கான டிக்கெட் இணையத்தில் மட்டும்தான், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்கு அப்புறம் வரும் வாரத்துக்கானதை அவர்கள் நேரப்படி காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். கோடையில் அது நம் மத்தியானம் ஒன்றரை மணி, பாஸ்போர்ட் பெயர்களையும் கார்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்றேகாலுக்கே உட்கார்ந்துவிடுங்கள்.